முழு வட்டம்: ஸாங்கீஃபைக் கற்ற கைகளின் வரலாறு

சண்டை வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்த ஆண்டில் எந்த ஆட்டம் வந்தது, எவர் வடிவமைத்தார், எத்தனை இலட்சம் விற்றது என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அவ்வாட்டங்களை ஆடிய கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கடினமான பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தோற்றுத் தோற்று அதைத் தம் வசப்படுத்தியவர்கள் எதைக் கற்றார்கள், எவ்வாறு கற்றார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் எழுதத்தக்க செய்தியே என்று நாம் கருதுகிறோம். (இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு ஒரு சொல்: யாப்பருங்கலக் காரிகையை மனப்பாடம் செய்தவர்க்கெல்லாம் வெண்பா வந்துவிடுவதில்லை என்பதை அறிந்தவர்கள் நாம். விதி தெரிவதற்கும் அது கைக்கு வருவதற்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.)

நாம் எடுத்துக்கொண்டுள்ள பாத்திரம் ஸாங்கீஃப். சிவப்பு உள்ளாடையும் மார்பு நிறைய முடியும் கரடிகளோடு மல்லுக்கட்டிய தழும்புகளுமாக நிற்கும் சோவியத் மல்லர். அவரைப் பற்றிப் பேசுமுன், அவர் பிறந்த ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்தைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும்.

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1987-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. தகாஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்சுமோட்டோவும் அதன் படைப்பாளிகள். முதலில் வந்த பெட்டிகளில் பொத்தான்களுக்குப் பதிலாக இரண்டு பெரிய ரப்பர் மெத்தைகள் இருந்தன. எவ்வளவு வலுவாக அறைகிறோமோ அவ்வளவு வலுவான அடி திரையில் விழும். மெத்தைகளும் நோகும், உள்ளங்கையும் நோகும். ஆறு பொத்தான் ஏற்பாடு அதற்குப் பிறகு வந்தது. அந்த ஆட்டம் இன்று எவரும் விரும்பி ஆடும் ஆட்டமன்று. ஆயினும் ஒரு புதிய எண்ணத்தை அது விட்டுச் சென்றது. ஜாய்ஸ்டிக்கைக் கீழிருந்து முன்புறமாகக் கால்வட்டம் வரைந்து குத்துப் பொத்தானை அழுத்தினால் கைகளிலிருந்து நெருப்புப் பந்து கிளம்பும். அதாவது, கை ஒரு கோலம் போட்டால் பாத்திரம் ஒரு வித்தை செய்யும். பொத்தானுக்கு ஒரு செயல் என்றிருந்த வீடியோ விளையாட்டில், செயலுக்கு முன் ஒரு சாதகம் வேண்டும் என்ற நிலை அன்று தோன்றியது.

1991-இன் தொடக்கத்தில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' எட்டுப் பாத்திரங்களை ஆடுவோர் கையில் கொடுத்தது. அகிரா நிஷிடானியும் அகிரா யசுதாவும் அதன் முதன்மை வடிவமைப்பாளர்கள். எட்டுப் பேரும் எட்டு விதமாக ஆடப்பட வேண்டியவர்கள். இது அன்று பெரும் புதுமை. ரியூவும் கென்னும் நெருப்புப் பந்து எறிவார்கள். கைல் காற்றலையை எறிவார். இந்தியராகக் காட்டப்பட்ட தால்சிம் கைகால்களைத் திரையின் பாதி நீளத்துக்கு நீட்டுவார் (யோகி என்றால் வாயால் தீ உமிழ்பவர் என்று ஜப்பானியருக்கு எப்படித் தோன்றிற்று என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது). இவர்களுக்கிடையில் ஸாங்கீஃபுக்கு எறிவதற்கு ஒன்றுமில்லை, நீட்டுவதற்கும் ஒன்றுமில்லை. விக்தர் ஸாங்கியெவ் என்ற உண்மையான சோவியத் மல்லரின் பெயரைத் தழுவியது இவர் பெயர் என்பர். இவரது களம் ஓர் ஆலை. தொழிலாளர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். எல்லாரையும் வென்று முடித்தால் ஹெலிகாப்டரில் கோர்பசேவின் சாயலில் ஒருவர் வந்திறங்கி, வாழ்த்திவிட்டு, இவரோடு சேர்ந்து உருசிய நடனம் ஆடுவார். அதே ஆண்டு டிசம்பரில் அந்த நாடே இல்லாமற்போயிற்று. ஆட்டக்கூடங்களில் அந்த நடனம் தொடர்ந்தது.

ஸாங்கீஃபிடம் இருந்தது ஒரு பிடி. எதிரியை அள்ளிக்கொண்டு வானில் எழும்பி, சுழன்று, தலைகீழாகத் தரையில் இறக்குவார். ஜப்பானில் 'ஸ்குரூ பைல்ட்ரைவர்' என்று பெயர். சுழற்பிடி என்று நாம் சொல்லிக்கொள்வோம். அது சாதாரணப் பிடிகளைவிடச் சற்றுத் தொலைவிலிருந்தே எட்டும், தடுத்து நிற்பவரையும் தூக்கும், மூன்று நான்கு முறை அமைந்துவிட்டால் சுற்று முடிந்துவிடும். அதற்கான குறிப்பு: ஜாய்ஸ்டிக்கை ஒரு முழுவட்டம் சுற்றிக் குத்துப் பொத்தானை அழுத்துக.

இந்த ஒற்றை வரிக்குள் ஒரு முரண் உட்கார்ந்திருக்கிறது. ஜாய்ஸ்டிக்குக்கு எட்டுத் திசைகள். பின்னே இழுத்தால் தடுப்பு, கீழே இழுத்தால் குனிவு, மேலே தள்ளினால் குதிப்பு. முழுவட்டம் என்றால் மேல்திசையும் அதில் அடக்கம். மேலே சென்ற கணத்தில் ஸாங்கீஃப் குதித்துவிடுவார். அந்தரத்தில் இருப்பவர் தரையில் நிற்பவரைச் சுழற்பிடியில் தூக்க முடியாது. ஆக, குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிற தொடக்கநிலையாளர் செய்வதெல்லாம் எதிரியின் முன் வீணே துள்ளிக் குதிப்பதுதான். விதியை அறிந்தவர்க்கு விதியே தடை.

கைகள் இதை எவ்வாறு தீர்த்தன? முதலாவது, முழுவட்டம் என்பது ஒரு பேச்சுக்குத்தான் என்று கண்டுகொண்டார்கள். முக்கால் வட்டம் போலக் கிடைத்தாலே இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. முன்னிருந்து தொடங்கிக் கீழாகப் பின்னோக்கிச் சென்று, மேலே தொடும்போதே குத்தை அழுத்திவிட்டால் கால் தரையைவிட்டு எழுமுன் பிடி விழுந்துவிடும். நொடிக்கு 60 ஃபிரேம்கள் ஓடும் ஆட்டத்தில் இது சில ஃபிரேம்களுக்குள் நடக்க வேண்டிய காரியம். இரண்டாவது தீர்வு இதைவிட நுட்பமானது. வட்டத்தை ஒளித்துவைப்பது. பாத்திரம் ஏற்கெனவே வேறொரு செயலில் இருக்கும்போது மேல்திசை குதிப்பாக மாறாது. ஆகவே குதித்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தரத்தில் வட்டத்தைச் சுற்றிவிட்டுத் தரையைத் தொட்டதும் குத்தை அழுத்தலாம். அல்லது ஒரு சிறு குத்தை விட்டுவிட்டு, அந்தக் கை நீண்டு மடங்குவதற்குள் வட்டத்தை முடித்துவிடலாம். திரையில் காண்பது ஒரு செயல். கை செய்துகொண்டிருப்பது அடுத்த செயல். கண்ணுக்கும் கைக்கும் இடையே இப்படி ஒரு பிளவை உண்டாக்கிக்கொள்வதுதான் ஸாங்கீஃபைக் கற்பதன் முதற்படி. மிருதங்கம் பயில்வோர் இடக்கையை வலக்கையிலிருந்து பிரித்தெடுக்கும் மாதங்களை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

ஒரு செயலுக்குள் இன்னொன்றை ஒளிப்பது என்பதே இந்த ஆட்டத்தில் திட்டமிடாமல் நுழைந்த ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். காரை உடைக்கும் இடைச்சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நோரிடகா ஃபுனாமிஸு, ஓர் அடியின் அசைவு முடியுமுன் அடுத்த அடி நுழைவதைக் கவனித்தார். நேரம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டியிருந்ததால் பெரிதாக எவர்க்கும் பயன்படாது என்றெண்ணி அப்படியே விட்டுவைத்தார்கள். 'காம்போ' என்று இன்று வழங்கும் அடித்தொடர் முழுவதும் அந்த விட்டுவைத்தலிலிருந்து முளைத்தது. படைத்தவர் பிழையென்று எண்ணியதைப் பயின்றவர் இலக்கணமாக்கிவிட்டார்கள். மொழி வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டுகள் தேடிப் போக வேண்டியதில்லை.

சிறு குத்து, உடனே சுழற்பிடி. ஒரு காலத்தில் ஆட்டக்கூடங்களில் சண்டை மூட்டிய இணை இது. எதிரி குத்தைத் தடுத்து நிற்கிறார். தடுப்பின் அதிர்வில் இருப்பவரைப் பிடிக்க முடியாது. அதிர்வு நீங்கிய மறுகணம் பிடி விழுகிறது. முந்தினால் வெறும் குத்து, பிந்தினால் எதிரி தப்பிவிடுவார். இதை ஜப்பானிய ஆட்டக்கூடங்களில் 'ஹமே' என்றார்கள், பொறியில் மாட்டிவிடுவது என்ற பொருளில். அமெரிக்காவிலும் இதை இழிந்த ஆட்டமாகக் கருதியோர் பலர். தடுத்து நிற்பவரைத் தூக்குவது ஆண்மையில்லை என்று ஓர் எழுதாச் சட்டம் இருந்தது. ஆனால் ஸாங்கீஃபிடம் இதைத் தவிர வேறு என்ன இருந்தது? தொலைவிலிருந்து தீப்பந்து எறிவோருக்குப் பொருந்தும் அறத்தை, நெருங்கினாலொழிய வாழ்வில்லாதவர்மீது சுமத்தினார்கள். அவரைக் கற்றவர்கள் கையை மட்டுமன்றி, சுற்றி நிற்போரின் முணுமுணுப்பைத் தாங்கும் தோலையும் வளர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பணக்கணக்கும் உண்டு. ஆட்டக்கூடத்தில் வென்றவர் இருக்கையில் தொடர்வார். தோற்றவர் மீண்டும் காசு போட வேண்டும். அமெரிக்காவில் 25 சென்ட் நாணயம், ஜப்பானில் பெரும்பாலும் 100 யென், சில இடங்களில் 50. எளிய பாத்திரத்தை எடுத்தவர் சில நாட்களில் வெல்லத் தொடங்குவார். ஸாங்கீஃபை எடுத்தவர் மாதக்கணக்கில் பிறருடைய ஆட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார். ஜப்பானில் இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகாக இணைத்துப் போட்டிக்கு வைக்கும் வழக்கம் வந்தபின், யாரிடம் தோற்கிறோம் என்ற முகம்கூடத் தெரியாது. குருவின் முகமறியாமல் செலுத்திய தட்சிணை அது.

இதுவரை சொன்னது வட்டத்தின் கடினம். அது உண்மையில் சிறிய கடினம். சாதகத்தால் தீரக்கூடியது. சிறு குத்துக்குள் வட்டத்தை ஒளிக்கக் கற்ற ஒருவர், கற்ற அன்றே ரியூவிடம் தோற்பார். காரணம், குத்து எட்டும் தொலைவுக்கு அவர் போய்ச் சேரவேயில்லை.

திரையின் ஒரு முனையில் ஸாங்கீஃப், மறுமுனையில் நெருப்புப் பந்தோடு ரியூ. பந்தைத் தடுத்தால் உயிர்க்கோடு சிறிதே கரையும். போதாக்குறைக்குத் தடுப்பின் அதிர்ச்சியில் கால்கள் பின்னே சறுக்கும். முன்னோக்கிக் குதித்துத் தாண்டினால், இறங்குமிடத்தில் எழும்பு குத்தோடு ரியூ காத்திருப்பார். நின்ற இடத்திலேயே குதித்தால் பந்து கடந்து போகும், ஆனால் ஓர் அங்குலமும் முன்னேறியதாகாது. இரு கைகளையும் விரித்துப் பம்பரமாகச் சுழலும் 'லாரியட்' என்றொரு செயல் அவரிடம் உண்டு. சுழலும்போது பந்து அவரை ஊடுருவிச் சென்றுவிடும். ஆனால் கால்கள் காப்பற்றவை. தாழ்ந்த உதை ஒன்று போதும், மல்லாந்து விழுவார். கைலை எதிர்ப்பது இன்னும் கொடுமை. மெல்லச் செல்லும் காற்றலையை ஏவிவிட்டு அதன் நிழலிலேயே நடந்து வருவார் கைல்.

இவற்றுக்கிடையில்தான் ஸாங்கீஃப் நடக்க வேண்டும். ஒரு பந்தைத் தடு, அரையடி நட. ஒன்றைச் சுழன்று கட, அரையடி நட. எதிரி எப்போதெல்லாம் எறியத் துணிவதில்லை என்று கணக்கிட்டு அந்த இடைவெளியில் இன்னொரு அரையடி. நூறு ஃபிரேம் பொறுமையாக ஈட்டியதை ஒரு தவறான குதிப்பு இழக்கச் செய்யும். இருந்தாலும் அவருக்கு ஓர் ஆதரவு உண்டு. பின்வாங்குகிறவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு சுவர் இருக்கிறது. திரை முடிவற்றதன்று. கைல் பத்தடி விலகலாம், பதினைந்தடி விலகலாம். பிறகு முதுகில் சுவர் முட்டும். தேர்ந்த ஸாங்கீஃப் ஆட்டக்காரர்கள் அடிக்க நடப்பதில்லை, இடத்தைச் சுருக்க நடக்கிறார்கள். ஒருமுறை பிடி விழுந்ததும் ஆட்டத்தின் தன்மையே மாறிவிடும். எழுந்திருக்கும் எதிரி இனி தடுக்க அஞ்சுவார், ஏனெனில் தடுப்பவரைத்தான் பிடி தூக்கும். தப்பக் குதிப்பார். குதிப்பார் என்று ஊகித்தால் லாரியட் போதும். ஊகம் தவறினால் திரும்பவும் முதல் முனை. வட்டத்தைக் கற்க ஒரு மாதம் என்றால் இந்த நடையைக் கற்க எத்தனை ஆண்டு என்று எவராலும் சொல்ல முடிந்ததில்லை.

காப்காம் இவர்மேல் இரக்கப்பட்டதற்கும் சான்றுகள் உண்டு. 1992-இன் திருத்தப் பதிப்பில் விரைவு லாரியட் ஒன்று வந்தது. 1994-இல் வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'வில், நெருப்புப் பந்தை அழித்துக்கொண்டே முன்னேறும் பச்சைக் கைவீச்சு ஒன்று கிடைத்தது. கையோடு இன்னொரு சோதனையும் கிடைத்தது: அதே பதிப்பின் உச்ச வித்தைக்கு வட்டம் ஒன்றன்று, இரண்டு. எழுநூற்றிருபது பாகை. ஒரு வட்டத்தை ஒளிக்க வழி கண்டவர்கள் இரண்டை ஒளிக்க இடம் தேடினார்கள்.

அந்த ஆண்டுகளில் கடினம் என்பது பிற நிறுவனங்களுக்கும் ஒரு கவர்ச்சியாகிவிட்டது. சேகா நிறுவனத்தில் யூ சுஸூகி படைத்து 1993-இல் வெளிவந்த 'வர்ச்சுவா ஃபைட்டர்' தொடரில் அகிரா யூகி என்றொரு பாத்திரம். பாஜிசுவான் என்னும் சீனப் போர்முறையைப் பயின்றவர். அவரது முழங்கால் அடி ஒன்றுக்கு உதையையும் தடுப்பையும் ஒருங்கே அழுத்தி, தடுப்பை மட்டும் அடுத்த ஃபிரேமுக்குள் விட்டுவிட வேண்டும். நொடியில் அறுபதில் ஒரு பங்கு. 'டெக்கன்' தொடரின் மிஷிமா குடும்பத்தாருக்கும் மின்னல் பாயும் குத்து ஒன்று அதே துல்லியத்தைக் கேட்டது. அத்தகைய கையை வைத்துக்கொண்டு 2017-இல் டெக்கன் உலகச் சுற்றின் இறுதியை வென்றவர் தென்கொரியாவின் குதான்ஸ். ஆடிய பாத்திரம் டெவில் ஜின்.

'வர்ச்சுவா ஃபைட்டர் 2' காலத்து டோக்கியோவில் வல்லவர்களின் பெயர்கள் நம்மவர்க்கு வேற்றாகத் தோன்றா. இகேபுகுரோ ஸாரா, ஷின்ஜுகு ஜாக்கி, காஷிவா ஜெஃப்ரி. முன்னே ஊர் அல்லது வட்டாரம், பின்னே ஆடும் பாத்திரம். அரியக்குடி என்றாலும் செம்மங்குடி என்றாலும் மேலே பெயர் சொல்ல வேண்டாத நாட்டினர்க்கு இந்த வழக்கின் பொருள் புரியும். பிற்காலத்துப் பெரும் போட்டிகளில் ஆடிவரும் இதாபாஷி ஸாங்கீஃப் என்பவரின் பெயரும் அவ்வகையினதே. இதாபாஷி டோக்கியோவின் ஒரு வட்டாரம். கலை ஊரில் வேர்கொண்டிருந்தது, ஏனெனில் கற்க வேண்டுமானால் அந்த ஊரின் அந்தக் கூடத்துக்குப் போய் ஒருவருக்குப் பின்னால் நின்று அவர் மணிக்கட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. 1986 முதல் 1999 வரை வெளிவந்த 'கேமெஸ்ட்' இதழ் கைக்கோலங்களை அம்புக்குறிகளாக அச்சிட்டது. இசைக்குச் சுரக்குறிப்பு எவ்வளவு உதவுமோ அவ்வளவு அதுவும் உதவிற்று.

1992-இல் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த வீட்டுப் பதிப்பு காசுக்கணக்கை ஒழித்தது. அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் தோலை வாங்கிக்கொண்டது. சிலுவை வடிவப் பொத்தானில் முழுவட்டம் சுற்றிப் பார்த்தவர்க்கு அது தெரியும். 2003-இல் வீட்டுக்கு வந்த 'வர்ச்சுவா ஃபைட்டர் 4 எவல்யூஷன்' ஓர் ஆசிரியரையே உள்ளே வைத்தது என்னும்படி விரிவான பயிற்சிப் பகுதியைக் கொண்டிருந்தது. பின் இணையக் காணொளிகள் வந்தன. மணிக்கட்டைப் பார்க்கக் கூடத்துக்குப் போக வேண்டிய காலம் முடிந்தது. கூடங்களும் ஒவ்வொன்றாக மூடின.

கடினத்தைக் குறைப்பதும் தொடங்கிவிட்டது. 2008-இன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' பல கைக்கோலங்களுக்குக் குறுக்குவழி தந்தது. 2014-இன் ஈவோ போட்டியில் அந்த ஆட்டத்தின் முதல் எட்டுப் பேருள் ஒருவராக ஸாங்கீஃபை ஆடிய அமெரிக்கர் ஸ்னேக் ஐஸ் வந்தார். அந்த ஆண்டு வென்ற பிரெஞ்சுக்காரர் லஃபி, ஜாய்ஸ்டிக்கே இல்லாமல் பழைய பிளேஸ்டேஷன் கைப்பிடியில் ஆடினார். 2023 ஜூனில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' மேலும் ஒரு படி சென்றது. அதன் 'மாடர்ன்' ஆட்டமுறையில் வித்தைகளுக்கு ஒரு பொத்தான் போதும்; வேண்டுமானால் உடன் ஒரு திசை. ஸாங்கீஃபின் சுழற்பிடியும் அதற்கு விலக்கன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் கைகள் ஒளித்தும் மறைத்தும் சுற்றிய வட்டம் ஒரு விரல் அழுத்தலாயிற்று. ஈடாக ஒரு வரி: பொத்தானால் தூக்கினால் சேதம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், கோலத்தைப் போட்டுத் தூக்கினால் முழுச் சேதம்.

இதற்கு எழுந்த எதிர்ப்பு பெரிது. உழைத்துக் கற்றவர்கள், உழைக்காதவருக்குக் கதவு திறக்கப்பட்டதாக உணர்ந்தார்கள். அந்த வருத்தத்தை நாம் எள்ளவில்லை. வட்டம் சுற்றிய கை கொஞ்சம் முன்னதாகவே முடிவெடுக்க வேண்டியிருந்தது; பிடிக்கப்போகிறேன் என்று தீர்மானித்தபின் திரும்ப வழியில்லை, தவறினால் அந்தரத்தில் குதித்து நிற்க வேண்டும். அந்த இடர் பிடியின் விலையில் ஒரு பகுதியாயிருந்தது. எதிரி பாய்வதைக் கண்டபின் ஒரே பொத்தானால் பிடித்துவிடலாம் என்றால் ஆட்டம் வேறாகத்தான் ஆகிறது. ஆயினும் நம் சார்பு திறந்த கதவின் பக்கமே. பிறவியிலேயே மூட்டுகள் இறுகியிருந்த மைக் பேகம் என்ற அமெரிக்கர், பிராலிலெக்ஸ் என்ற பெயரில், சாதாரணக் கைப்பிடியை முகத்தாலும் வாயாலும் இயக்கிச் சுன்-லியை ஆடித் தேர்ந்தோர் நடுவே நின்றார். 2024-இல் அவர் மறைந்தார். அவர் குறுக்குவழி கேட்கவில்லை என்பதைச் சிலர் கடினத்துக்குச் சாதகமான வாதமாக்குகிறார்கள். ஒருவர் மலையேறிவிட்டார் என்பது ஏனையோர்க்குப் படிக்கட்டு வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

தவிரவும், பொத்தான் எடுத்துக்கொண்டது சிறிய கடினத்தை மட்டுமே. பெரியது அப்படியே இருக்கிறது. ஆறாவது ஆட்டத்திலும் ஸாங்கீஃபிடம் எறிவதற்கு ஒன்றுமில்லை. ரியூவிடம் நெருப்புப் பந்து இருக்கிறது. இடையில் அதே தரை. ஒற்றைப் பொத்தானோடு வந்து சேரும் புதியவர்கள் முதல் வாரத்தில் செய்வது ஒன்றே. எதிரி எட்டும் தொலைவில் இல்லாதபோது அழுத்திவிடுகிறார்கள். 1991-இன் ஆட்டத்தில் தொலைவு தவறினால் சாதாரணக் குத்து ஒன்று வரும், அவ்வளவுதான். இப்போது ஸாங்கீஃப் இரு கைகளையும் விரித்து வெற்றிடத்தைத் தழுவிக்கொண்டு நிற்பார். எதிரி அவசரமேயில்லாமல் ஓரடி முன்வந்து, தம்மிடமுள்ள மிகப் பெரிய அடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.